‘கேம் மட்டும்தாண்ணா இருக்கு’: விண்டோஸ் 10 முடிந்தது, பழவேற்காட்டின் பழைய லேப்டாப்களில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

பழைய லேப்டாப்பை ஃபார்மேட் போடக் கொண்டுபோனால், எந்த ஊர் சர்வீஸ் கடையிலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். “தம்பி, உள்ளே டேட்டா ஏதாச்சும் வேணுமா?” பெரும்பாலும் வரும் பதிலும் ஒன்றுதான். “இல்லண்ணா, கேம் மட்டும்தான் இருக்கு.” கடைக்காரர் தலையாட்டிவிட்டு மொத்த டிஸ்க்கையும் துடைத்துவிடுவார். சாயங்காலத்துக்குள் லேப்டாப் புதுசு மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து கேமை மறுபடி ஏற்றித் திறந்தால், மூன்று வருஷமாக ஆடிய ஆட்டம் முதல் மிஷனில் வந்து நிற்கும்.

இந்தக் காட்சி இந்த ஆண்டு வழக்கத்தைவிட அதிகமாகவே நடக்கப் போகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்னொரு பக்கம், தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குப் புதிய லேப்டாப் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆக, பழையதில் ஓ.எஸ். மாற்றுகிறவர்கள் ஒரு கூட்டம், பழையதிலிருந்து புதியதுக்கு மாறுகிறவர்கள் இன்னொரு கூட்டம். இருவருக்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருப்பதை எப்படிப் பத்திரமாக வெளியே எடுப்பது?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களை வைத்து இதைப் பார்க்கலாம். காரணம் இருக்கிறது.

ஏன் பழவேற்காடு?

இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிவைத்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பழவேற்காடு இருப்பதும் அதே மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள், சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ்குப்பம் என்று வரிசையாக ஊர்கள். இங்கே பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர், அக்காவுக்கோ அண்ணனுக்கோ பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்தான்.

2011-ல் கொடுத்தவற்றில் இருந்தது 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7-உம், அதோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் அது ஒரு முக்கியமான வேலைக்கு வரப்போகிறது, மறக்க வேண்டாம்.

அப்படி வந்த லேப்டாப் யாரோ ஒருவருடையதாக இருப்பதில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபின் தம்பி எடுத்துக்கொள்வான். தம்பி ஒரகடத்துக்கோ அம்பத்தூருக்கோ வேலைக்குப் போனதும் சித்தப்பா மகன் கைக்கு வரும். பழவேற்காடு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. முறைவைத்து ஆடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல! ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் சேவ் செய்ய எட்டு ஸ்லாட்டுகள் உண்டு. ஒரே லேப்டாப்பில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்று என்று எட்டும் நிரம்பியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த லேப்டாப்பை ஃபார்மேட் போட்டால் போவது ஒருவரின் ஆட்டம் அல்ல.

இன்னொரு காரணம் இணையம். பல வீடுகளில் இணையம் என்றால் போனில் இருக்கும் மொபைல் டேட்டாதான். ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் என்று வையுங்கள். ஜிடிஏ 5 மாதிரி ஒரு கேம் 100 ஜிபிக்கு மேல். அதைத் திரும்ப டவுன்லோடு செய்ய, வேறு எதையும் தொடாமல், ஐம்பது நாள் டேட்டா வேண்டும். சென்னையில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் “போனா போகுது, திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிடலாம். வலைக்கும் டீசலுக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் அது செலவு.

விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்திருக்கக் கூடாதா?

வைத்திருக்கலாம். லேப்டாப் நின்றுவிடாது, கேமும் ஓடும். பாதுகாப்பு அப்டேட்டுகள் வராது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ சிறிய விஷயமில்லை. பென் டிரைவில் கைமாறி வரும் கேம் ஃபைல்கள்தான் வைரஸ் பரவ நல்ல வழி. அதே லேப்டாப்பில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

கூடுதல் ஓராண்டுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘எக்ஸ்டெண்டெட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்’ என்ற திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு தெரியும்.

விண்டோஸ் 11-க்குப் போவது எல்லோருக்கும் முடியாது. 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் என்று அது கேட்கும் பட்டியல் நீளம். 2011 முதல் 2017 வரை கொடுத்த அரசு லேப்டாப்கள் இந்த வாசலைத் தாண்டாது. குறுக்கு வழியில் ஏற்றிக்கொடுக்கும் கடைகள் உண்டு. ஏற்றலாம், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

கேம் ஆடுகிறவர்களை இன்னொரு கதவும் தள்ளுகிறது. விண்டோஸ் 7, 8, 8.1-க்கான ஆதரவை ஸ்டீம் தளம் 2024 ஜனவரி 1-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. 32-பிட் விண்டோஸ் 10-க்கு 2026 ஜனவரி 1-ஓடு முடிந்தது. 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்களில் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஏற்றிக்கொடுப்பது அந்த 32-பிட்டைத்தான். ஆக, ஓ.எஸ். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

கேம் என்பது ஒன்றல்ல, இரண்டு

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். நாம் ‘கேம்’ என்று சொல்வதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, இன்ஸ்டால் ஆன கேம். ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும். அது எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான், தொலைந்தால் திரும்ப வாங்கிவிடலாம். இரண்டாவது, சேவ் ஃபைல். நீங்கள் எந்த மிஷன் வரை வந்தீர்கள், என்ன கார் வைத்திருக்கிறீர்கள், டோர்னமென்டில் எத்தனை ரன் எடுத்தீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அது உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அளவைப் பாருங்கள். சான் ஆண்ட்ரியாஸ் இன்ஸ்டால் ஆக 4 ஜிபிக்கு மேல் வேண்டும். அதன் ஒரு சேவ் ஃபைல் சுமார் 200 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படத்தின் அளவு! எட்டு ஸ்லாட்டையும் சேர்த்தால்கூட 2 எம்பியைத் தாண்டாது. பெரியதைக் காப்பாற்ற இடமில்லை என்று சொல்லி, சின்னதையும் சேர்த்து விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

சேவ் ஃபைல் எங்கே இருக்கிறது?

எல்லா கேமும் ஒரே இடத்தில் வைத்தால் எவ்வளவோ நிம்மதி. வைப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலானவை நாலைந்து இடங்களுக்குள் அடங்கிவிடும்.

முதல் இடம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர். பழைய லேப்டாப்களின் ஆஸ்தான கேம்கள் பலவும் இங்கேதான். ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்’, ‘ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்’ என்று கேமின் பெயரிலேயே ஃபோல்டர் இருக்கும். நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட், இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 ஆகியவையும் டாக்குமென்ட்ஸில் தங்கள் பெயரில் ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். ஜிடிஏ 5 என்றால் ‘ராக்ஸ்டார் கேம்ஸ்’ ஃபோல்டருக்குள் தேட வேண்டும். ‘மை கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் விடக் கூடாது. டாக்குமென்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, உங்கள் யூசர் பெயர் ஃபோல்டருக்குள், ‘சேவ்டு கேம்ஸ்’ என்று இன்னொன்றும் இருக்கும்.

அடுத்தது ஆப்டேட்டா. இதுதான் சிக்கல், ஏனென்றால் இந்த ஃபோல்டரை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். கடைக்காரர் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோஸ் எல்லாம் காப்பி எடுத்தாலும் இது விட்டுப்போவது இதனால்தான். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, ஆப்டேட்டா என்ற சொல், மறுபடி சதவீதக் குறி என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டினால் நேராக உள்ளே போய்விடலாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் கட்டிய உலகமெல்லாம் இங்கே, புள்ளியில் தொடங்கும் மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் ‘சேவ்ஸ்’ என்பதில் இருக்கிறது. ஒரு படி மேலே போனால் ‘லோக்கல்’, ‘லோக்கல்லோ’ என்று இரண்டு ஃபோல்டர்கள். பல புதிய கேம்கள் அவற்றில் சேவ் செய்கின்றன.

மூன்றாவது, கேம் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரே. மிகப் பழைய சில கேம்கள் சேவை வேறெங்கும் கொண்டுபோகாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. கேம் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் இருந்தால், அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காது. கேமுக்குத் தெரியாமலேயே அந்த ஃபைலை ஆப்டேட்டாவின் லோக்கலுக்குள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டுவிடும். கேம் ஃபோல்டரையே முழுசாகக் காப்பி எடுத்தும் சேவ் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

ஸ்டீமில் ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். பல கேம்களின் சேவ் ஸ்டீம் கிளவுடில் தானாகவே ஏறியிருக்கும். ‘பல’ என்பதைக் கவனிக்கவும். கேம் பக்கத்தில் கிளவுட் அடையாளம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்டீம் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘யூசர்டேட்டா’வையும் எடுத்து வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

எது எங்கே என்று தேடும் பொறுமை இல்லையென்றால், சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை, மறைந்திருப்பவை உட்பட, அப்படியே மொத்தமாகக் காப்பி எடுத்துவிடுங்கள். இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு கேமுக்கு இதுவே போதும்.

ரீசெட், அப்கிரேட், ஃபார்மேட்

கடைகளில் மூன்றுக்கும் ஒரே பெயர்: ‘ஓ.எஸ். போடுறது’. விளைவு மட்டும் ஒன்றல்ல.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அப்கிரேட் செய்தால் ஃபைல்களும் கேம்களும் பொதுவாக அப்படியே இருக்கும். ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து, ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மாதிரி ஃபோல்டர்களில் இருப்பவை தங்கும். இன்ஸ்டால் செய்த கேம்கள் போய்விடும். ஆப்டேட்டாவில் இருக்கும் சேவ்கள் தப்பிக்கும் என்று நம்பி இதில் இறங்கக் கூடாது. கீப் மை ஃபைல்ஸ் என்ற பெயரே ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது என்பதுதான் உண்மை.

பென் டிரைவில் இருந்து புதிதாக ஓ.எஸ். போடும்போது ஒரு திரை வரும். டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, 2, 3 என்று பட்டியல். எல்லாம் முடிவாவது இங்கேதான். பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல், அதன் மேலேயே போட்டால், பழைய ஃபைல்கள் எல்லாம் ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அதற்குள் ‘யூசர்ஸ்’ திறந்து சேவ்களை எடுத்துவிடலாம். அனுமதி இல்லை என்று சொன்னால் ‘கன்டினியூ’ கொடுத்தால் போதும். ஆனால் அதிக நாள் விட்டுவைக்காதீர்கள். அப்கிரேட் செய்தவர்களுக்கு பத்து நாளில் விண்டோஸே அந்த ஃபோல்டரை அழித்துவிடும்.

அவசரத்தில் எல்லாப் பார்ட்டிஷனையும் டெலிட் கொடுத்தால்? டி டிரைவும் சேர்ந்தே போகும். ‘நான் டி-ல போட்டு வெச்சிருந்தேனே’ என்பது அப்போது உதவாது. டி என்பது தனி டிஸ்க் இல்லை. ஒரே டிஸ்க்கில் போட்ட ஒரு தடுப்புதான்.

புதிதாகக் கொடுக்கப்படும் லேப்டாப்களில் இன்னொரு கவனம் தேவை. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பிட்லாக்கர் என்பார்கள். நாளைக்கு இதில் ஓ.எஸ். மாற்றும்போது, பூட்டிய டி டிரைவைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு, என்ன பாஸ்வேர்டு என்பது தெரியாமல் போனால் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கிய அன்றே அந்த எண்ணை நோட்டில் எழுதி வைப்பது பழைய பாணிதான். ஆனால் வேலை செய்யும்.

விண்டோஸே திறக்கவில்லையா? பாஸ் இருக்கே!

லேப்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் வரவில்லை. பெரும்பாலானோர் ஃபார்மேட் போட ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அரசு லேப்டாப் என்றால் ஒரு நிமிடம் பொறுக்கலாம். ஆன் செய்யும்போது விண்டோஸா, பாஸா என்று கேட்கும் திரை இன்னும் வருகிறது என்றால், பாஸைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸால் லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்க முடியாது. லினக்ஸால் விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க முடியும். பாஸுக்குள் இருந்தபடியே விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதை பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம். பத்து வருஷமாக யாரும் சீண்டாத இயங்குதளம், கடைசியில் வீட்டைக் காப்பாற்றும் தருணம் அது.

பாஸை யாரோ ஏற்கெனவே நீக்கிவிட்டார்கள் என்றால், 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ‘டிரை’ கொடுத்து அதே வேலையைச் செய்யலாம். நல்ல சர்வீஸ் கடைகளில் இது தெரியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. யாராவது பாஸுக்குள்ளேயே ஃபைல்களைச் சேமித்திருந்தால், விண்டோஸ் போடும் திரையில் அது பெயரில்லாத ஒரு பார்ட்டிஷனாக மட்டும் தெரியும். காலியிடம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

ஹார்டு டிஸ்க்கில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் ஓ.எஸ். போடும் பேச்சே வேண்டாம். முதலில் காப்பி. சத்தம் வரும் டிஸ்க்கை ஃபார்மேட் போட்டு உயிர்ப்பிக்கலாம் என்பது வீண் ஆசை.

எதில் எடுத்து வைப்பது?

சேவ் ஃபைல்களுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஃபோல்டரை ஜிப் செய்து, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே டாக்குமென்டாக அனுப்பிவிடலாம். 2 ஜிபி வரை ஏற்கும். அனுப்பிவிட்டு, போனில் அந்த ஃபைல் டவுன்லோடு ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், அங்கேயும் ஒரு காப்பி போடலாம்.

ஊருக்கு வெளியே ஒரு காப்பி இருக்க வேண்டும் என்பது கடலோரத்தில் இன்னும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தைத் தாக்கியபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே அலமாரியில்தான் இருந்திருக்கும்.

முழு கேமையும் காப்பாற்ற நினைத்தால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வேண்டும். வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. நாலு வீட்டுக்கு ஒன்று போதும். பென் டிரைவில் காப்பி எடுக்கும்போது, இடம் இருந்தும் ‘ஃபைல் பெரிதாக இருக்கிறது’ என்று சொன்னால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனது என்று அர்த்தம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். மாற்றும்போது பென் டிரைவில் இருப்பது அழியும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டீம் கேம் என்றால் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டரை முழுசாக எடுத்து வைத்து, புது ஓ.எஸ்.ஸில் ஸ்டீம் போட்டபின் அதே இடத்தில் வைத்தால் போதும். இன்ஸ்டால் கொடுத்தவுடன் இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்துக்கொண்டு, குறைவதை மட்டும் டவுன்லோடு செய்யும். எபிக் தளத்தில் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும்: கேமை இன்ஸ்டால் கொடுத்து, சிறிது ஓடியதும் நிறுத்தி, பழைய ஃபைல்களை அந்த ஃபோல்டரில் போட்டு, மறுபடி ரெஸ்யூம் கொடுத்தால் அதுவும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். ஐம்பது நாள் டேட்டா மிச்சம்.

திரும்ப வைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் கேமை இன்ஸ்டால் செய்து, ஒருமுறை திறந்து மூடுங்கள். அது தனக்கான ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். அதன்பின் பழைய சேவை அதற்குள் போடுங்கள். கேம் அதே பதிப்பாக இருக்க வேண்டும். மோட் போட்டு ஆடியிருந்தால் அந்த மோடும் வேண்டும். கிளவுடில் இருப்பதா, கம்ப்யூட்டரில் இருப்பதா என்று ஸ்டீம் கேட்டால் தேதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அவசரத்தில் தவறான பட்டனை அழுத்தி, புதிதாகத் தொடங்கிய காலி ஆட்டத்தைப் பழையதன் மேல் எழுதிவிட்டவர்கள் உண்டு.

சேவை சரியான இடத்தில் போட்டும் கேம் கண்டுகொள்ளவில்லையா? ஒன்டிரைவைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தபின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கலாம். கேம் தேடுவது அங்கே, நீங்கள் போட்டது பழைய இடத்தில்.

போன் கேமை லேப்டாப்பில் ஆடுகிறவர்கள்

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்றவற்றை எமுலேட்டர் வழியாக லேப்டாப்பில் ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இங்கே சேவ் ஃபைல் சர்வரில் இருக்கிறது. கூகுள் அல்லது வேறொரு கணக்கோடு இணைத்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் எல்லாம் அப்படியே வரும். ‘கெஸ்ட்’ என்று நுழைந்து ஆடியிருந்தால் அந்தக் கணக்கு அந்த எமுலேட்டரோடு கட்டப்பட்டது. ஃபார்மேட் போட்டால் ஸ்கின், ரேங்க், டைமண்ட் எல்லாம் சேர்ந்து போகும். ஃபார்மேட்டுக்கு முன் கெஸ்ட் கணக்கை கூகுளோடு இணைப்பது இரண்டு நிமிட வேலை.

வேலோரன்ட் மாதிரி கேம்களிலும் எல்லாம் சர்வரில்தான். ஆனால் விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்ட லேப்டாப்பில் அது திறக்காது. லினக்ஸுக்கு மாறினாலும் ஓடாது. சான் ஆண்ட்ரியாஸ் தலைமுறை கேம்கள் லினக்ஸில் ஒயின், புரோட்டான் போன்ற மென்பொருள்கள் வழியாக ஓரளவு நன்றாகவே ஓடுகின்றன. பழைய அரசு லேப்டாப்பில் விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் மட்டும் வைத்துக்கொள்வது கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், மோசமான யோசனை இல்லை.

ஏற்கெனவே போய்விட்டதா?

பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. உடனே லேப்டாப்பை நிறுத்திவிட வேண்டும். புதிதாக எதையும் ஏற்றக் கூடாது. ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து ஓட்டித் தேடலாம். போட்டோக்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம், சேவ் ஃபைல்கள் கிடைக்க வாய்ப்பு குறைவு. எஸ்.எஸ்.டி. என்றால், அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடுவதால், அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

கேம் மட்டும்தானா?

‘கேம் மட்டும்தான் இருக்கு’ என்று கொடுக்கப்படும் லேப்டாப்பில் கேம் மட்டும் இருப்பதில்லை. டாக்குமென்ட்ஸில் ஜிடிஏ ஃபோல்டருக்கு மேலேயும் கீழேயும் அக்காவின் கல்லூரி புராஜெக்ட், ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழ், படகின் பதிவு ஆவணம், யாரோ போனிலிருந்து மாற்றிவைத்த கல்யாண போட்டோக்கள் எல்லாம் இருக்கும். தாத்தாவின் ஒரே நல்ல போட்டோ அங்கே இருக்கலாம். சேவ் ஃபைலைத் தேடி யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கிறவன், கூடவே இவற்றையும் எடுத்து வைக்கிறான். பையன் கேமுக்காக அலைகிறான் என்று வீட்டில் திட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிச் சாதனம் தருவதாக அறிவித்தது. விநியோகமும் தொடங்கிவிட்டது. முந்தைய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. பெட்டியோடு வாரண்டி அட்டை வருகிறது, வால்பேப்பர் வருகிறது. பழையதிலிருந்து புதியதுக்கு ஃபைலை எப்படி மாற்றுவது, மீட்பு எண்ணை எங்கே பார்ப்பது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் சேர்த்து வைக்க எவ்வளவு செலவாகும்? லேப்டாப் கொடுக்கும் கல்லூரியிலேயே ஒரு நாள், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கோடு இதைச் செய்துகாட்டலாம். ஏரியின் அந்தப் பக்கமிருந்து படகேறி, பஸ் பிடித்துப் பொன்னேரிக்கோ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ வரும் மாணவருக்கு அது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

அதுவரை, கடைக்குப் போகும்போது சொல்லும் பதிலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். “அண்ணே, யூசர்ஸ் ஃபோல்டரை ஆப்டேட்டாவோட முழுசா காப்பி எடுத்துக் குடுங்க. அதை நான் திறந்து பார்த்த அப்புறம் ஃபார்மேட் போடுங்க.” கூடுதல் அப்டேட்டும் நிற்கப்போவது 2026 அக்டோபர் 13-இல். அந்த வாரம் கடைகளில் கூட்டம் இருக்கும், அதற்கு முன்பே போய்விடுவது நல்லது.